கொடுத்த நிலம் எங்கே போனது? சீனப் புரட்சி பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி மன்னார்குடியிலிருந்து ஒரு நண்பர் அனுப்பியது. நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கிப் படிக்கிறேன். "போன காணொளியில், மாவோ உழவர்களுக்கு நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார், கம்யூனிஸ்டுகள் ஜெயித்ததற்கு அதுதான் பெரிய காரணம் என்றீர்கள். அதே காணொளி முடியும்போது, இன்றைக்குச் சீனாவில் தனி ஆளுக்குச் சொந்த நிலமே கிடையாது என்றீர்கள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்? கொடுத்த நிலம் எங்கே போனது? சீன விவசாயி இப்போது தன் வயலை விற்க முடியுமா, முடியாதா?"

நான் அவசரமாகத் தாண்டிப் போன இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார். இரண்டும் உண்மைதான். நடுவில் ஆறு வருடக் கதை ஒன்று இருக்கிறது, அதை நான் சொல்லாமல் விட்டது என் தப்பு. கடைசிக் கேள்விக்கு மட்டும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: விற்க முடியாது. ஏன் என்பதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

நிலத்தை உழுபவனுக்கே கொடுக்க வேண்டும் என்ற கோஷத்தை முதலில் பெரிதாகச் சொன்னவர் மாவோ இல்லை, சுன் யாட்-சென். 1911 புரட்சியின் தலைவர், கோமிண்டாங் கட்சியை உருவாக்கியவர். அவர் இறந்த பிறகு அந்தக் கட்சி சியாங் கை-ஷேக்கின் கைக்குப் போனது. 1930இல் அவருடைய அரசு ஒரு நிலச் சட்டமும் போட்டது. குத்தகை, விளைச்சலில் 37.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அதில் இருந்தது. அந்தக் காலத்தில் பல ஊர்களில் விளைச்சலில் பாதி குத்தகைக்கே போய்விடும், அதனால் சட்டம் அமலாகியிருந்தால் பெரிய விஷயம். அது காகிதத்தோடு நின்றது. நிலம் வைத்திருந்தவர்கள்தான் உள்ளூரில் கோமிண்டாங்கின் தூண்கள். தன் தூணைத் தானே யார் இடிப்பார்கள்?

கம்யூனிஸ்டுகளுக்கு அந்தத் தடை இல்லை. 1921இல் ஷாங்காயில் ஆரம்பித்த கட்சி அது. 1927இல் அதே ஷாங்காயில் சியாங் கை-ஷேக்கின் ஆட்கள் அவர்களை வேட்டையாடினார்கள். நகரத்தில் இடமில்லாமல் கட்சி கிராமத்துக்கு ஓடியது. அங்கே போன பிறகுதான் நிலத்தின் பலம் அவர்களுக்குப் புரிந்தது. சியாங்கின் படையிடமிருந்து தப்பிக் கட்சி நடந்த 'நீண்ட பயணத்தை'ப் பற்றிப் போன தடவையே விரிவாகப் பேசியாகிவிட்டது, இப்போது வேண்டாம்.

ஜப்பானோடு போர் நடந்த வருடங்களில் கட்சி நிலத்தைப் பறிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டிய நேரம் அது. அதனால் குத்தகையைக் குறை, வட்டியைக் குறை என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஜப்பான் தோற்ற பிறகு, 1946இலிருந்து, குரல் மாறியது. 1947 அக்டோபரில் வந்த நிலச் சட்ட வரைவு, நிலப்பிரபுக்களின் நிலத்தை எடுத்து ஊரில் தலைக்கு இவ்வளவு என்று பங்கு போடச் சொன்னது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான் பங்கு. பெண்ணின் தலையையும் எண்ணி நிலம் அளந்தது அந்த ஊர்களுக்குப் புதிது.

பங்கு வாங்கியவன் என்ன செய்வான் என்று யோசித்துப் பாருங்கள். சியாங்கின் படை திரும்பி வந்தால் பழைய முதலாளியும் கூடவே வருவான், நிலமும் போகும், தலையும் போகும். ஆகவே அவனுடைய தலைவிதி கம்யூனிஸ்டுகளின் செம்படையோடு கட்டப்பட்டுவிட்டது. 1948 நவம்பரிலிருந்து 1949 ஜனவரி வரை சியாங்கின் படையோடு நடந்த ஹுவாய்ஹாய் போரில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்து மக்கள் செம்படைக்காகத் தள்ளுவண்டிகளிலும் தோளிலும் தானியம், குண்டு, காயம்பட்டவர்கள் எல்லாம் சுமந்தார்கள். இந்த வெற்றி மக்கள் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தது என்ற பொருளில் தளபதி சென் யி பின்னால் சொன்னார். எதிர்த் தரப்பில் அமெரிக்க ஆயுதங்கள் இருந்தன, விமானங்கள் இருந்தன, வண்டி தள்ள ஆள் இல்லை. அரசு அச்சடித்த பணத்துக்கும் மதிப்பில்லாமல் போயிருந்தது.

1949 அக்டோபர் 1 அன்று மக்கள் சீனக் குடியரசு பிறந்தது. அடுத்த வருடம், 1950 ஜூன் 30ஆம் தேதி, நாடு முழுவதற்குமான நிலச் சீர்திருத்தச் சட்டம் வெளியானது. தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

அரசின் கணக்குப்படி சுமார் 30 கோடி விவசாயிகளுக்கு 70 கோடி மூ நிலம் கிடைத்தது. மூ என்பது அவர்களின் அளவு. ஒரு மூ நம் கணக்கில் ஏறத்தாழ பதினாறரை சென்ட். அப்படியென்றால் தலைக்கு 38 சென்ட், ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும். குத்தகை கட்டாத இரண்டு ஏக்கர் என்றால் என்ன என்று மன்னார்குடிக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிலத்துக்குப் பத்திரமும் கொடுத்தார்கள். நம் ஊர்ப் பட்டா மாதிரி, முத்திரை போட்ட காகிதம். உழலாம், விற்கலாம், வாங்கலாம், வாடகைக்கு விடலாம் என்று அந்தச் சட்டமே சொன்னது. அதனால் 'கொடுத்தார்' என்று நான் சொன்னது சும்மா பேச்சுக்கு இல்லை, முழு உரிமையோடுதான் கொடுத்தார்கள்.

கொடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். இதை மட்டும் விழுங்கிவிட்டுப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். வெளியூரிலிருந்து ஒரு பணிக்குழு வரும். ஊரிலேயே ஏழையான வீட்டில் தங்கும். பிறகு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பெயர்: நிலப்பிரபு, பணக்கார விவசாயி, நடுத்தர விவசாயி, ஏழை விவசாயி, கூலி. அப்புறம் பொதுக்கூட்டம். ஒவ்வொருவராக மேடை ஏறி, நிலப்பிரபுவை நிற்கவைத்து, இத்தனை வருடக் கசப்பையும் கொட்ட வேண்டும். 'கசப்பைச் சொல்லுதல்' என்றே அதற்குப் பெயர். பல கூட்டங்கள் அடியிலும் கொலையிலும் முடிந்தன. செத்தவர்கள் 10 லட்சம் என்பவர்களும் உண்டு, 20 லட்சத்துக்கு மேல் என்பவர்களும் உண்டு. வட சீனாவில் பல ஊர்களில் பெரிய நிலப்பிரபுவே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரனைவிட நாலு மூ அதிகம் வைத்திருந்தவன்கூட அங்கே மாட்டிக்கொண்டான்.

போலீஸை அனுப்பிச் சத்தமில்லாமல் நிலத்தை எடுத்திருக்கலாமே? வேண்டுமென்றேதான் அப்படிச் செய்யவில்லை. ஊரார் தங்கள் கையாலேயே செய்தால் பிறகு பின்வாங்க முடியாது. குடும்பத்துக்குக் குத்திய அந்த முத்திரை பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. நிலப்பிரபுவின் மகன் என்றால் மேல்படிப்பு சந்தேகம், பெண் கிடைப்பது சந்தேகம். 1979இல்தான் அந்த முத்திரையை எடுத்தார்கள், 30 வருடம் கழித்து.

ஒரு இடைச்செருகல். தோற்று ஓடிய சியாங் கை-ஷேக், தைவானில் போய் என்ன செய்தார் தெரியுமா? 1949இலேயே குத்தகையை 37.5 சதவீதமாகக் குறைத்தார். அதே பழைய எண்! 1953இல் உழுபவனுக்கே நிலம் என்று சட்டம் போட்டு, நில உடைமையாளர்களுக்குக் கடன்பத்திரங்களும் அரசு நிறுவனப் பங்குகளும் நட்டஈடாகக் கொடுத்தார். மேடை ஏற்றாமலே முடிந்தது. புத்தி வருவதற்கு முன் ஒரு நாட்டையே இழக்க வேண்டியிருந்தது.

சரி, இப்போது கேள்வியின் முக்கியமான இடத்துக்கு வருவோம்.

1953இலேயே தானியத்தை அரசுக்குத்தான், அரசு சொன்ன விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். தொழிற்சாலைகள் கட்ட வேண்டும், நகரத்துக்குச் சோறு போட வேண்டும், அதற்கு மலிவான தானியம் தேவை. கோடிக்கணக்கான சின்னச் சின்ன உடைமையாளர்களிடம் போய் ஒவ்வொரு மூட்டையாக வாங்குவது அரசுக்குத் தலைவலி. எல்லாரும் ஒரே களத்தில் அடித்தால் அங்கேயே அளந்து எடுத்துக்கொள்ளலாம். கூட்டுப்பண்ணைக்குச் சித்தாந்தக் காரணம் ஆயிரம் சொல்லலாம். எனக்கு இந்தக் கணக்குதான் பெரிதாகத் தெரிகிறது.

முதலில் வந்தது பரஸ்பர உதவிக் குழு. உன் மாட்டை நான் ஓட்டுகிறேன், என் நடவுக்கு நீ வா, அவ்வளவுதான். இதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. அடுத்து கூட்டுறவு. நிலத்தைச் சேர்த்து உழுவார்கள், ஆனால் நிலம் உன்னுடையதுதான், கொடுத்த நிலத்துக்கு ஏற்ப விளைச்சலில் ஒரு பங்கு வரும். இதையும் பலர் ஏற்றுக்கொண்டார்கள். 1955 ஜூலையில் மாவோவுக்குப் பொறுமை போய்விட்டது. கால் கட்டப்பட்ட பெண்போலத் தள்ளாடித் தள்ளாடி நடக்கிறீர்களே என்று தோழர்களைக் கிண்டல் செய்தார். அதன்பின் ஓட்டம்தான்.

1956 ஜூன் 30. முன்பு மனதில் வைக்கச் சொன்ன தேதிக்குச் சரியாக ஆறு வருடம். அன்று 'உயர்நிலைக் கூட்டுறவு' என்பதற்கான மாதிரி விதிகள் நிறைவேறின. உறுப்பினர்களின் சொந்த நிலம் இனி கூட்டு உடைமை. நிலத்துக்கான பங்கு ரத்து, செய்கிற வேலைக்கு மட்டும் புள்ளி. நட்டஈடு எதுவும் கிடையாது. இரண்டு வருடம் முன்பு, 1954இல் இயற்றிய அரசியல் சட்டம், விவசாயியின் நில உடைமையை அரசு பாதுகாக்கும் என்று சொல்லியிருந்தது. அந்த வரி அப்படியே இருந்தது, நிலம்தான் கைமாறியது. அந்த வருடக் கடைசிக்குள் பத்தில் ஒன்பது குடும்பங்களுக்கும் மேல் கூட்டுறவுக்குள் வந்துவிட்டன. நண்பரே, உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில் இதுதான்: கொடுத்த நிலம் அங்கேதான் போனது.

1958இல் கம்யூன். பல கூட்டுறவுகளைச் சேர்த்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கொண்ட ஒரே அமைப்பு. வீட்டு அடுப்பு அணைந்தது, பொதுச் சமையல் கூடம் வந்தது. வீட்டுப் பானை சட்டிகள்கூட இரும்பு உருக்கப் போயின. அந்த வருட விளைச்சல் 37.5 கோடி டன் என்று அறிவித்தார்கள். உண்மையில் சுமார் 20 கோடி டன். கீழே இருப்பவன் மேலே இருப்பவனுக்குப் பயந்து பொய் சொன்னான், மேலே இருப்பவன் அந்தப் பொய்க் கணக்கின்படி தானியத்தை அள்ளினான். 1960இல் விளைச்சல் 14.35 கோடி டன்னாக விழுந்தது. 1959இல் ஊரெல்லாம் வெறும் வயிறாக இருக்கும்போது 40 லட்சம் டன்னுக்கு மேல் தானியம் ஏற்றுமதி ஆனது. ஹெனான் மாகாணத்தில் சின்யாங் என்ற பகுதியில் மட்டும் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அங்கே அரசுக் கிடங்கில் தானியம் இருந்தது. பிச்சை எடுக்கக்கூட ஊரைவிட்டுப் போகாதபடி சாலையில் காவல் போட்டார்கள். நாடு முழுவதும் செத்தவர்கள் 1.5 கோடியிலிருந்து 4.5 கோடி வரை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், பலருடைய மதிப்பீடு 3 கோடியை ஒட்டி வருகிறது.

1950இன் பட்டா கையில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் தன் குதிரில் தானியம் வைத்திருக்கிற உழவன் நாலு மாதமாவது தாக்குப்பிடிப்பான். கம்யூனில் அவனுக்குக் குதிரும் இல்லை, அடுப்பும் இல்லை.

பஞ்ச காலத்தில் அன்ஹுய் மாகாணத்தில் சத்தமில்லாமல் ஒரு காரியம் நடந்தது. 'பொறுப்பு வயல்' என்று சொல்லி, குடும்பத்துக்கு இவ்வளவு என்று நிலத்தை உழக் கொடுத்தார்கள். விளைச்சல் ஏறியது. பின்னாளில் சீனாவை வழிநடத்திய டெங் சியோபிங்கின் பூனை வாசகம் எல்லாருக்கும் தெரியும்: எந்த நிறமானாலும் எலி பிடிக்கிற பூனைதான் நல்ல பூனை. அதை 1980களில் சந்தைப் பொருளாதாரத்துக்காகச் சொன்னார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவர் சொன்னது 1962 ஜூலையில், இந்தக் குடும்ப விவசாயத்தைப் பற்றித்தான். அப்போது அவர் சொன்னது கறுப்பு, மஞ்சள் பூனை. வெள்ளைப் பூனை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. சில மாதத்திலேயே மாவோ இதை முதலாளித்துவப் பாதை என்று தடுத்துவிட்டார். டெங்கும் அப்போதைய அதிபர் லியு ஷாவோசியும், 1966இல் மாவோ தொடங்கிய கலாச்சாரப் புரட்சியில் பட்ட பாட்டுக்கு இதுவும் ஒரு கணக்கு.

மாவோ 1976இல் இறந்தார். 1978இல் அன்ஹுயில் கடும் வறட்சி. அங்கே ஃபெங்யாங் என்று ஒரு வட்டாரம். மிங் வம்சத்தை நிறுவிய பேரரசர் பிறந்த மண், ஆனால் பறை தட்டிப் பாட்டுப் பாடிப் பிச்சை எடுக்கிறவர்களுக்குத்தான் பேர்போனது. அங்கே சியாவ்காங் என்ற சின்ன ஊரில், நவம்பர் மாத இரவொன்றில் 18 விவசாயிகள் கூடி ரகசியமாக நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு தாளில் எழுதிச் சிவப்பு மையில் கைநாட்டு வைத்தார்கள். அரசுக்குச் சேர வேண்டிய தானியத்தைக் கட்டிவிடுவோம், இதற்காக நம்மில் யாராவது ஜெயிலுக்குப் போனால் அவர் பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்ப்போம் என்று ஒப்பந்தம். 28 வருடம் முன்பு அரசே முத்திரை போட்டுக் கொடுத்த நிலத்தை உழ, இப்போது உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது.

சியாவ்காங்தான் முதல் ஊர் என்று இன்று அங்கே அருங்காட்சியகம்கூட வைத்திருக்கிறார்கள். உண்மையில் அதே மாகாணத்தில் ஃபெய்ஷி பக்கம் சில மாதம் முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். கதையாகச் சொல்ல சியாவ்காங் வசதி, கைநாட்டு இருக்கிறதல்லவா. அன்ஹுயின் கட்சிச் செயலாளர் வான் லி கண்டும் காணாமல் விட்டார், பிறகு வெளிப்படையாகவே ஆதரித்தார். 'சோறு வேண்டுமா, வான் லியைத் தேடு' என்று மக்கள் சொலவடை கட்டினார்கள்.

1978 டிசம்பரில் நடந்த மத்தியக் குழுக் கூட்டத்திலிருந்துதான் சீர்திருத்தம் பிறந்தது என்று பாடப்புத்தகங்களில் இருக்கும். அந்தக் கூட்டத்தின் விவசாய ஆவணத்திலேயே, குடும்பத்துக்கு நிலம் ஒப்படைப்பது கூடாது என்றுதான் இருந்தது! மேலே அனுமதி வருவதற்குள் கீழே பாதி வேலை முடிந்துவிட்டது. 1983இல் ஏறக்குறைய எல்லாக் குடும்பமும் இந்த முறைக்கு வந்தாகிவிட்டது. கம்யூன் கலைந்தது.

ஆனால் திரும்பக் கிடைத்தது உழுகிற உரிமை மட்டும். பட்டா திரும்பவில்லை. 1982 அரசியல் சட்டத்தின் 10ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: நகரத்து நிலம் அரசுக்கு, கிராமத்து நிலம் கிராமக் கூட்டமைப்புக்கு. விவசாயி கையில் இருப்பது குத்தகை மாதிரி ஓர் ஒப்பந்தம். முதலில் 15 வருடம், 1993க்குப் பிறகு 30 வருடம். 2017 கட்சி மாநாட்டில் இன்னொரு 30 வருடம் நீட்டிப்பதாக அறிவித்தார்கள். பயிரிடும் உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுத்து வாடகை வாங்கலாம். நிலத்தையே விற்க முடியாது.

இதில் யாருக்கு லாபம்? 1987 டிசம்பர் 1 அன்று ஷென்சென் நகரத்தில் முதல்முறையாக நிலத்தின் பயன்பாட்டு உரிமையை ஏலம் விட்டார்கள். 8,588 சதுர மீட்டர், 50 வருடத்துக்கு, 52.5 லட்சம் யுவான். அப்போதைய அரசியல் சட்டப்படி அது தப்பு, சட்டத்தைத்தான் அடுத்த வருடம் திருத்தினார்கள். 1994இல் வரி வருமானத்தில் பெரிய பங்கை பெய்ஜிங் எடுத்துக்கொண்டதும், உள்ளூர் அரசுகள் நிலத்தின் பக்கம் திரும்பின. வயலை நட்டஈடு கொடுத்து எடுப்பது, மனையாக்கி விற்பது. நட்டஈட்டுக்கு அடிப்படை கடந்த மூன்று வருடச் சராசரி விளைச்சல். அதாவது நெல் விலைக்கு வாங்கி நகரத்து மனை விலைக்கு விற்றார்கள். இந்தக் கணக்கு முறையை மாற்றியது 2020இல்தான். நாம் பார்த்து வியக்கிற பாலம், மெட்ரோ பலவற்றுக்கு முதல் இங்கிருந்து வந்தது. 2011இல் குவாங்தோங் மாகாணத்து வூகான் (Wukan, வூஹான் நகரம் இல்லை) கிராமம் மொத்தமாகக் கிளர்ந்ததும் இதனால்தான்.

கட்சி இதற்கு ஒரு நியாயம் சொல்லும், அதையும் கேட்டுக்கொள்வோம், முழுப் பொய் இல்லை. நிலத்தை விற்க விட்டால் கடனுக்கும் கல்யாணத்துக்கும் விற்றுவிட்டு நகரத்துச் சேரிக்கு வந்துவிடுவார்கள் என்கிறார்கள். உலகப் பொருளாதார நெருக்கடியில், 2009 தொடக்கத்தில், கிராமத்திலிருந்து நகரத்துக்கு வேலைக்குப் போனவர்களில் சுமார் 2 கோடி பேர் வேலை இழந்ததாக அரசே சொன்னது. பெரும் கலவரம் வரும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. ஏராளமானவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள், அங்கே அந்தக் கொஞ்சம் நிலம் இருந்தது. 2006இல் விவசாய வரியை ஒரேயடியாக ரத்து செய்ததும் நினைவில் இருக்கட்டும். பேரரசர்கள் காலத்திலிருந்து வந்த வரி அது.

எனக்கு இடிப்பது ஒரே இடம்தான். 'கூட்டு உடைமை' என்றால் ஊராருக்குச் சொந்தம் என்று அர்த்தம். ஊராரைக் கேட்டா விற்கிறார்கள்? ஊர்க் கமிட்டியின் நாலு பேர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. 1950இல் அந்தக் கையெழுத்து பட்டா வாங்கிய உழவனுடையது.

மன்னார்குடி நண்பர் கடைசியில் இன்னொன்றும் கேட்டிருந்தார், படிக்க மறந்துவிட்டேன்: நகரத்தில் வீடு வாங்குகிறார்களே, அது சொந்தமா? கட்டடம் சொந்தம், அடியில் இருக்கும் மண் 70 வருடத்துக்கு. காலம் முடிந்தால் தானாக நீட்டிக்கப்படும் என்று 2007 சொத்துச் சட்டம் சொல்கிறது. அதற்குக் கட்டணம் உண்டா, எவ்வளவு என்று அதில் சொல்லவில்லை. 2021இல் வந்த புதிய சிவில் சட்டத்திலும் அதை வேறு சட்டங்களிடம் தள்ளிவிட்டார்கள். சரி, அடுத்த கேள்வி கலாச்சாரப் புரட்சியைப் பற்றி, அதற்கு வருவோம்.